குறைந்த செலவில் வீட்டுக்கு ஒரு நகரும் கூடைப்பந்துக் கம்பம்: எதை முதலில் பார்க்க வேண்டும்?

வீட்டின் முன் சிமெண்ட் தளம் போட்ட சிறிய இடம் இருக்கிறது. தரையைத் தோண்டிக் கம்பம் நட வழியில்லை. ஒன்பது வயதுப் பெண்ணும் பதினான்கு வயதுப் பையனும் ஆடுவார்கள், சில சமயம் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அதிகம் செலவழிக்க இயலாது. இந்த நிலையில் எத்தகைய நகரும் கூடைப்பந்துக் கம்பத்தை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது பலகையின் அகலம்தான். அதற்கு அடுத்ததாகப் பலகை ஒளி ஊடுருவுமா, வளையத்தில் எத்தனை ஸ்பிரிங் இருக்கிறது என்பவை வரும். கம்பத்தின் தடிமனும் அடியில் உள்ள தொட்டியின் கொள்ளளவும் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கும். குறைந்த செலவில் வாங்குபவர் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் அடித்தொட்டி, அடுத்து கம்பம், பிறகு வளையம், கடைசியாகப் பலகை. பலகை சற்றுச் சிறியதாக இருந்தாலும் அசையாமல் நிற்கும் கம்பத்தில் பிள்ளைகள் பல ஆண்டுகள் ஆடுவார்கள். அகலமான பலகையைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு எறிதலுக்கும் ஆடிக்கொண்டிருக்கும் கம்பத்தை ஒரு பருவத்திலேயே கைவிட்டுவிடுவார்கள்.

உங்கள் வீட்டுக்கென்று சொல்வதானால், 130 லிட்டருக்குக் குறையாத தொட்டி, சுமார் 9 சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பம், 45 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள முழு எஃகு வளையம், 44 அங்குலப் பலகை, 2.3 மீட்டரிலிருந்து 3.05 மீட்டர் வரை கருவி எதுவும் இல்லாமல் உயரத்தை மாற்றும் வசதி ஆகியவை போதும். இவை அனைத்தும் உள்ள மாதிரிகள் நடுத்தர விலையின் கீழ்ப்பகுதியிலேயே கிடைக்கின்றன. ஏன் இந்த அளவுகள் என்பதைக் காரணத்தோடு சொல்கிறேன். நீங்கள் பார்க்கும் மாதிரி இதிலிருந்து சற்று மாறுபட்டாலும், எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதை அப்போது நீங்களே முடிவுசெய்ய முடியும்.

நகரும் கம்பத்தின் அமைப்பு எளிமையானது. பிளாஸ்டிக் தொட்டியின் முன்பகுதியில் கம்பம் நிற்கிறது. கம்பத்தின் நடுப்பகுதியிலிருந்து தொட்டியின் பின்மூலைகளுக்கு இரண்டு தாங்குகம்பிகள் இறங்குகின்றன. தொட்டியின் முன் விளிம்பில் இரண்டு சக்கரங்கள் இருக்கும். கம்பத்தை முன்பக்கமாகச் சாய்த்தால் சக்கரங்கள் தரையில் பதிந்து உருளும். பலகையும் வளையமும் தொட்டியின் முன் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். அதாவது முழு அமைப்புமே இயல்பாக முன்புறம் விழப் பார்க்கிறது. தொட்டியில் நிரப்பும் எடை மட்டுமே அதைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது.

இதை ஒரு தோராயக் கணக்கில் பார்க்கலாம். 130 லிட்டர் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் 130 கிலோ. அந்த எடையின் மையம் முன் விளிம்பிலிருந்து அரை மீட்டர் பின்னால் இருப்பதாகக் கொண்டால், பின்னிழுக்கும் திருப்புவிசை, அதாவது எடையைத் தொலைவால் பெருக்கிய அளவு, 65 கிலோ-மீட்டர். பலகையும் வளையமும் சேர்ந்து 15 கிலோ, விளிம்புக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், முன்னிழுப்பது 6. இப்போது 60 கிலோ எடையுள்ள பையன் வளையத்தைப் பிடித்துத் தொங்குகிறான். வளையம் விளிம்புக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் அவனால் 48 சேர்கிறது, மொத்தம் 54. அசையாமல் தொங்கினால் கம்பம் மயிரிழையில் நிற்கும். ஆனால் யாரும் அசையாமல் தொங்குவதில்லை. ஓடிவந்து குதித்துப் பிடிக்கும் கணத்தில் கைகள் இழுக்கும் விசை உடல் எடையைவிட மிக அதிகம். 65 என்ற எல்லை உடனே தாண்டப்படும், கம்பம் அவன் மேலேயே சாயும். தொட்டியை மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே நிரப்பியிருந்தால், பின்னிழுப்பு 43 ஆகக் குறைந்துவிடுவதால், அசையாமல் தொங்கினாலே விழும். பதினான்கு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கை அவனுக்கும் போட்டுக் காட்டுங்கள். ‘தொங்காதே’ என்று வெறுமனே சொல்வதைவிட அது ஆழமாகப் பதியும். வளையத்தைப் பிடித்துத் தொங்குவது எந்த நகரும் கம்பத்திலும் கூடாது. விலை உயர்ந்தவற்றுக்கும் இது பொருந்தும்.

காற்றையும் இதே முறையில் கணக்கிடலாம். 44 அங்குலப் பலகையின் பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதன்மேல் சுமார் 24 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். பலகையின் மையம் தரையிலிருந்து 3.3 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திருப்புவிசை 79 ஆகிறது. தண்ணீர் நிரம்பிய தொட்டியாலும் அதைத் தாங்க இயலாது. பலகையை மிகத் தாழ்ந்த நிலைக்கு இறக்கினால் அது சுமார் 61 ஆகக் குறையும். ஆகவே பலத்த காற்று வரும் என்று தெரிந்தால் முதலில் பலகையை இறக்குங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் இரண்டு பேராகச் சேர்ந்து கம்பத்தையே தரையில் படுக்க வைத்துவிடுங்கள். பலகை பெரிதாகப் பெரிதாகக் காற்றின் பிடியும் கூடும். சிறிய தொட்டிமேல் பெரிய பலகை வைத்து விற்கப்படும் மலிவான மாதிரிகளை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முதல் காரணம்.

தொட்டியில் தண்ணீரா, மணலா என்ற கேள்வி அடுத்து எழும். உலர்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ இருப்பதால், அதே 130 லிட்டர் தொட்டி 200 கிலோவைத் தாண்டும். நிலைத்தன்மைக்கு மணலே சிறந்தது. மணல் ஒழுகாது, ஆவியாகாது. அதன் குறைகளும் சிறியவை அல்ல. தொட்டியின் வாய் பெரும்பாலும் மூன்று விரல் நுழையும் அளவே இருக்கும். அதன் வழியே மணலைப் புனல் வைத்துக் கொட்டி, தொட்டியைத் தட்டித் தட்டி மூலைகளுக்கு இறக்குவதற்கு அரைநாள் போய்விடும். ஒருமுறை நிரப்பியபின் கம்பத்தை நகர்த்துவது கடினம், காலி செய்வது அதைவிடக் கடினம். ஈர மணலைப் போட்டால், தொட்டிக்குள் இறங்கும் எஃகுப் பகுதியில் துரு பிடிக்கும். மணலை வெயிலில் நன்றாக உலர்த்தியே போட வேண்டும்.

ஆடி முடித்தபின் கம்பத்தை ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டிய வீடுகளில் தண்ணீரே நடைமுறைக்கு ஏற்றது. தண்ணீரை நிரப்பி, தொட்டியின் பின்பகுதியின் மேல் இரண்டு மூன்று மணல் மூட்டைகளைக் கிடத்திவிட்டால் இரண்டின் நன்மையும் ஓரளவு கிடைக்கும். கணக்கில் பார்த்தால், முன் விளிம்பிலிருந்து 80 சென்டிமீட்டர் பின்னால் வைக்கும் 40 கிலோ மூட்டைகள் தனியே 32 கிலோ-மீட்டரைச் சேர்க்கின்றன. எடையை எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு வைக்கிறோம் என்பதைப் போலவே முக்கியம். செங்கல், கூர்முனைக் கல் போன்றவற்றை அடுக்க வேண்டாம். தடுக்கி விழுபவரின் முட்டியையும் நெற்றியையும் அவை பதம்பார்த்துவிடும். குளிர்காலத்தில் நீர் உறையும் இடங்களில் இன்னொரு கவனம் வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால், விளிம்புவரை நிரம்பிய தொட்டி வெடித்துவிடும். உறைதடுப்பானாகப் புரோப்பிலீன் கிளைக்கால் வகையைச் சேர்க்கலாம். வாகனங்களில் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. கசிந்தால் வளர்ப்பு விலங்குகள் நக்கி உயிரிழக்கக்கூடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். உப்பைக் கரைத்து ஊற்றுவதும் தவறு, எஃகை அது அரித்துவிடும்.

கம்பத்தைப் பொறுத்தவரை, தடிமனோடு அது எத்தனை துண்டுகளால் ஆனது என்பதையும் பாருங்கள். மலிவான மாதிரிகள் பெட்டியில் அடங்க வேண்டும் என்பதற்காக மூன்று துண்டுகளாக வரும். ஒவ்வொரு இணைப்பும் அசைவுக்கு இடம் கொடுக்கும். இரண்டு துண்டு என்றால் நல்லது, ஆனால் மூன்று துண்டு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு துண்டு மற்றொன்றுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதே முக்கியம். ஒரு சாண் இறங்கினால் உறுதியாக இருக்கும், நான்கு விரல் மட்டுமே இறங்கினால் ஆடும். சுமார் 7 சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பம் சிறுவர்களுக்கான தாழ்ந்த மாதிரிகளுக்குப் போதும்; 3.05 மீட்டர் உயரத்துக்கு 9 சென்டிமீட்டர் வேண்டும். சதுரக் கம்பம் வட்டக் கம்பத்தைவிட முறுக்கத்தில் பலமானது என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. குழாய் வடிவில் முறுக்கத்தைத் தாங்குவதில் வட்டம் எவ்விதத்திலும் குறைந்ததல்ல. சதுரத்தின் உண்மையான வசதி, பலகையைத் தாங்கும் கைகள் அதைச் சுற்றிச் சுழலாமல் தட்டையாகப் பதிந்து நிற்பதே.

கடையில் பொருத்தி வைத்த மாதிரி இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். மார்பு உயரத்தில் கம்பத்தைப் பிடித்து ஒருமுறை சட்டென்று குலுக்கிவிட்டுக் கையை எடுத்துவிட்டு, வளையத்தின் முனையைக் கவனியுங்கள். நல்ல கம்பத்தில் வளையம் இரண்டு மூன்று முறை அசைந்து நின்றுவிடும். மட்டமான கம்பத்தில் அது மேலும் கீழும் நெடுநேரம் துள்ளிக்கொண்டே இருக்கும். அப்படித் துள்ளும் கம்பத்தில் பந்து பலகையில் பட்டதும் அதன் வேகத்தில் பெரும்பகுதியைக் கம்பம் விழுங்கிவிடுவதால், பந்து திரும்பி வராமல் சோர்ந்து கீழே விழும். பலகை மட்டம் என்று பலர் குறைசொல்லும் இடங்களில் உண்மையில் குற்றவாளி கம்பம்தான்.

வளையத்துக்கு வருவோம். போட்டி ஆட்டத்தில் வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். பெரியவர்களுக்கான 7ஆம் எண் பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். பந்து சாய்வாக வரும்போது அதற்கு வளையம் ஒரு நீள்வட்டமாகத்தான் ‘தெரியும்’. அந்த நீள்வட்டத்தின் குறுகிய பக்கம் 24 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பந்து வளையத்தில் இடிக்காமல் உள்ளே போக முடியாது. கணக்கிட்டால், பந்து கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 32 பாகைச் சரிவில் இறங்கி வர வேண்டும். சில மலிவான மாதிரிகளில் வளையத்தின் உள்விட்டம் 38 சென்டிமீட்டர்தான் இருக்கும். அங்கே இந்த எல்லை 39 பாகைக்கு ஏறிவிடுகிறது. கொஞ்சம் தட்டையாக எறியும் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு, சரியாக எறிந்த பந்தும் விளிம்பில் பட்டுத் தெறிக்கும். அவள் தன் எறிதலைத்தான் சந்தேகிப்பாள், வளையத்தை அல்ல. ஆகவே அளவுநாடாவை எடுத்துச் சென்று உள்விட்டத்தை அளந்தே வாங்குங்கள்.

வளையம் 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள முழுக் கம்பியாக இருப்பது நல்லது. உள்ளே துளையுள்ள குழாய் வளையம் பந்து மோதி மோதியே மெல்ல வளைந்து முன்புறம் தாழ்ந்துவிடும். ஸ்பிரிங் வைத்த வளையம் தேவையா என்றால், உங்கள் வீட்டில் தேவை என்பேன். பந்தை மேலிருந்து அழுத்திப் போட முயல்வது அந்த வயதுப் பையன்களின் இயல்பு. கை வளையத்தில் பட்டால் ஸ்பிரிங் சற்றுத் தாழ்ந்து, பலகை விரிசல் விடாமல் காக்கும். ஒரே ஒரு ஸ்பிரிங் போதும், அது வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை. இவற்றைவிட முக்கியமானது வளையத்தின் போல்ட்டுகள் எங்கே போய் முடிகின்றன என்பது. பலகையைத் துளைத்துப் பின்னால் உள்ள எஃகுச் சட்டத்தில் அவை இறுக்கப்பட்டிருந்தால் விசை கம்பத்துக்குப் போகும். பலகையின் பிளாஸ்டிக்கில் மட்டும் இறுக்கப்பட்டிருந்தால் அந்தத் துளைகளிலிருந்தே விரிசல் தொடங்கும். பலகையின் பின்பக்கம் போய் நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் இது தெரிந்துவிடும்.

பலகையைப் பற்றி இனிச் சுருக்கமாகச் சொல்லலாம். போட்டிப் பலகை 1.80 மீட்டர் அகலமும் 1.05 மீட்டர் உயரமும் உடையது. வீட்டில் அதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. பலகையில் பட்டு விழும் எறிதல்களில் பெரும்பாலானவை வளையத்துக்கு மேலே வரையப்பட்டிருக்கும் 59 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட செவ்வகத்திலும் அதன் சுற்றுவட்டத்திலுமே படும். 44 அங்குலப் பலகை, அதாவது சுமார் 112 சென்டிமீட்டர், அந்தச் செவ்வகத்தின் இருபுறமும் ஒரு சாணுக்கு மேல் இடம் விடுகிறது. 32 அங்குலப் பலகையில் பக்கவாட்டிலிருந்து எறியும் பந்துகள் ஓரத்தில் பட்டு வீணாகும். 54, 60 அங்குலப் பலகைகள் ஆடுவதற்கு இனியவைதாம், ஆனால் அவற்றுக்கு ஏற்ற தொட்டியும் கம்பமும் சேரும்போது அது மலிவான பொருளாக இருக்காது.

பலகைக்கான பொருள்களில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் மிக மலிவு. உடையாது, ஆனால் பந்து மந்தமாகத் திரும்பும். பாலிகார்பனேட் கல்லடி பட்டாலும் எளிதில் உடையாது. பந்து ஓரளவு நன்றாகத் திரும்பும். பல ஆண்டு வெயிலில் மஞ்சளாகலாம். அக்ரிலிக் இன்னும் விறைப்பானது, பந்து துள்ளித் திரும்பும், ஆனால் ஓரத்தில் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். பதப்படுத்திய கண்ணாடி ஆட்டத்துக்கு எல்லாவற்றையும்விடச் சிறந்தது. அதன் எடையை நகரும் மலிவுக் கம்பத்தில் ஏற்றுவது பொருந்தாது. சிறு பிள்ளைகளும் கம்பத்தை அடிக்கடி நகர்த்தும் தேவையும் உள்ள வீட்டில் பாலிகார்பனேட்டையே தேர்ந்தெடுப்பேன். எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் பின்னால் எஃகுச் சட்டம் சுற்றிலும் ஓட வேண்டும். சட்டம் இல்லாத பலகை நடுவில் தொய்ந்து, பந்தின் வேகத்தை உறிஞ்சிவிடும்.

உயரத்தை மாற்றும் வசதி உங்கள் வீட்டில் ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை. வளையம் 3.05 மீட்டர், அதாவது 10 அடி உயரத்தில் இருப்பதற்குப் பின்னால் ஆராய்ச்சி எதுவும் இல்லை. 1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. பெரியவர்களுக்குத் தற்செயலாக அமைந்த அந்த உயரத்தைக் குழந்தைகள்மேல் சுமத்த வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் ஆடும் மினி கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 2.60 மீட்டர், பந்தும் சிறிய 5ஆம் எண் பந்து. உயரமான வளையத்துக்கு எறியும் குழந்தை பந்தை இடுப்புக்குக் கீழிருந்து இரு கைகளாலும் வீசி எறியப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. உங்கள் மகளுக்கு 2.40 முதல் 2.60 மீட்டர் வரை வைத்து 5ஆம் எண் பந்தைக் கொடுங்கள். மகனுக்கு 3.05 மீட்டரும் 7ஆம் எண் பந்தும் பொருந்தும். இருவரும் சேர்ந்து ஆடும்போது தங்கையின் உயரத்துக்கே வைப்பது நல்லது. அப்போது வளையம் அண்ணனின் கைக்கு எட்டிவிடும் என்பதால், தொங்கக் கூடாது என்ற விதியை மறுபடி நினைவூட்டுங்கள்.

ஒரே நாளில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், உயரத்தை மாற்றும் முறை எளிதாக இருக்க வேண்டும். மிக மலிவான மாதிரிகளில் போல்ட்டைக் கழற்றி, மேல்துண்டைக் கையால் தூக்கி, வேறு துளையில் மாட்ட வேண்டும். இரண்டு பேரும் ஏணியும் இல்லாமல் அது நடக்காது என்பதால் முதல் மாதத்துக்குப் பிறகு யாரும் மாற்றவே மாட்டார்கள். அடுத்த வகையில் துடைப்பக் கட்டையால் மேலே தள்ளி ஏற்றலாம். பின்புறக் கைப்பிடியை அழுத்தி ஏற்றி இறக்கும் வகையே வீட்டுக்கு மிக வசதியானது. நடுத்தர விலை மாதிரிகளில் அது பரவலாகக் கிடைக்கிறது. சுழற்றிக் கைப்பிடியும் நல்லதுதான், மெதுவாக இயங்கும். அழுத்தும் வகையை வாங்கினால், கைப்பிடியை விட்டதும் அது தானாகப் பூட்டிக்கொள்கிறதா என்றும், விரல் நசுங்கும் இடைவெளிகள் மூடப்பட்டிருக்கின்றனவா என்றும் கடையிலேயே பாருங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவில் தனி எறிதலுக்கான கோடு வருகிறது. அந்த அளவுக்கு முன்னால் இடம் இருந்தால் வீட்டில் பயனுள்ள பயிற்சி அனைத்தும் செய்யலாம். தளம் லேசாகச் சரிந்திருந்தால், தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக, அதாவது மேட்டுப் பக்கத்தை நோக்கி வளையம் இருக்குமாறு நிறுத்துங்கள். சரிவை நோக்கி நிறுத்தினால் முன்னால் விழும் போக்கு கூடும். தெருவைப் பார்த்து வைக்க வேண்டாம். உருண்டோடும் பந்தின் பின்னால் குழந்தை வாகனத்தைப் பார்க்காமல் ஓடும். மேலே மின்கம்பி போனால் அந்த இடத்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் நகர்த்தும்போது சாயும் எஃகுக் கம்பம் மிக எளிதாக அதைத் தொட்டுவிடும். பின்னால் கண்ணாடி ஜன்னல் இருந்தால் ஒரு வலையைக் கட்டிவிடலாம்.

பொருத்துவதற்கு இரண்டு பேரும் ஒரு பகற்பொழுதும் வேண்டும். தவறு பெரும்பாலும் கம்பத் துண்டுகளை இணைக்கும்போதே நேர்கிறது. இறுக்கமாகப் பொருந்தும் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, அடியில் மரக்கட்டை வைத்து, கம்பத்தைச் செங்குத்தாகத் தூக்கித் தரையில் பலமுறை குத்த வேண்டும். ஒட்டப்பட்டிருக்கும் குறிவரை துண்டு இறங்கும்வரை குத்த வேண்டும். குறிக்கு இரண்டு விரல் முன்னால் நிறுத்திவிட்டால், அந்தக் கம்பம் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். தலைகீழாகவோ துளைகள் நேர்ப்படாமலோ இறக்கிவிட்டால் மறுபடி பிரிக்க முடியாது என்பதால், குத்துவதற்கு முன் துளைகளின் திசையை இருமுறை சரிபாருங்கள். பலகையின் போல்ட்டுகளைப் பிளாஸ்டிக் நெரியும் அளவுக்கு முறுக்க வேண்டாம். ஸ்பிரிங் வளையத்தின் நட்டை முழுக்க இறுக்கினால் ஸ்பிரிங் இயங்காது. கம்பத்தை நிமிர்த்தியதும் உடனே தொட்டியை நிரப்பிவிடுங்கள். நிரப்பாத தொட்டியோடு அதை ஓர் இரவுகூடத் தனியே நிற்க விடக் கூடாது.

செலவை மேலும் குறைக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே பயன்படுத்திய கம்பத்தை வாங்குவது நல்ல வழி. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீடுகளில் அதிகம் தேயாத கம்பங்கள் சும்மா நிற்கும். அதை வாங்கும்போது பலகையின் பளபளப்பில் மயங்காமல் குனிந்து பாருங்கள். கம்பம் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் துருவைச் சாவியால் சுரண்டினால், மேல்பூச்சு மட்டும் உதிர்ந்தால் கவலையில்லை. எஃகே செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ அழுத்தினால் உள்வாங்கினாலோ விட்டுவிடுங்கள். தொட்டியின் சக்கர அச்சைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்; நிரம்பிய தொட்டியை அந்த இடத்தில்தான் சாய்த்து உருட்டுவார்கள், உடைவதும் அங்கேதான். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் ஒழுகல் தெரிந்துவிடும். பின்தாங்கு கம்பிகள் இரண்டும் இருக்க வேண்டும்; ஒன்று தொலைந்திருந்தால் கம்பம் பக்கவாட்டில் முறுக்கும். வலை கிழிந்திருப்பது, பலகையின் படம் மங்கியிருப்பது, வளையத்தின் சாயம் போயிருப்பது ஆகியவை குறைகளே அல்ல. அவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எல்.ஈ.டி. விளக்கு, பந்து திரும்பி உருண்டுவரும் வலை, மதிப்பெண் பலகை போன்றவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தேவைப்பட்டால் பின்னர் தனியே வாங்கிக்கொள்ளலாம். வெயிலைத் தாங்கும் தடித்த நைலான் வலையைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மோதிரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு ஆடச் சொல்லுங்கள். வளையம் தாழ்ந்திருக்கும்போது முகம் வலைக்கு மிக அருகில் போகிறது, பல் வலையில் சிக்கி உடையக்கூடும் என்பதையும் மகனிடம் சொல்லி வையுங்கள்.

பொருத்திய இரண்டு மூன்று வாரங்களில் போல்ட்டுகள் சற்றுத் தளரும், அப்போது எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீரின் அளவைப் பார்த்து விளிம்புவரை நிரப்புங்கள். உறையும் குளிர் உள்ள இடமானால் குளிர்காலத்தில் சற்று இடம் விட்டு நிரப்புங்கள். கம்பத்தில் எங்காவது சாயம் பெயர்ந்து எஃகு தெரிந்தால், அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துருத்தடுப்புச் சாயத்தை உடனே பூசிவிடுங்கள்.